சம்பளம் கேட்டால் நன்றி கெட்டவளா?

வாசகி கேள்வி:

வணக்கம் மேடம். நான் புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கிறேன். வயது 36. என் மாமனார் இங்கே ஏ.எஃப்.டி. துணி மில்லில் 28 வருடம் வேலை பார்த்தவர். மில் மூடியதும் வீட்டு நிலைமை மாறிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால், எம்.எல்.ஏ.வுக்கு வேண்டிய ஒருவர் சிபாரிசு பண்ணி எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். புதிதாகச் சீரமைத்துத் திறந்த ஒரு பொது இடத்தில் கூட்டுவது, கழிவறை கழுவுவது. கான்ட்ராக்டருக்குக் கீழே 17 பேர் இருக்கிறோம், 12 பேர் பெண்கள். காலை 7 மணிக்குப் போனால் மாலை 5 மணி ஆகும். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. மாதத்தில் இரண்டு நாள்தான் லீவு. எல்லாருக்கும் வங்கியில் 13,000 ஏறியதாக மெசேஜ் வரும். ஆனால் எங்கள் ஏ.டி.எம். கார்டெல்லாம் சூப்பர்வைசரிடம் இருக்கிறது. அவரே எடுத்து, பெண்களுக்கு 9,500, ஆண்களுக்கு 11,000 கையில் கொடுப்பார். மீதி பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., யூனிஃபார்ம் என்கிறார். சம்பளச் சீட்டு கிடையாது.

என் அம்மா அதே இடத்துக்குப் பக்கத்தில் 20 வருடமாகப் பூ விற்கிறார். இடம் அழகாகிவிட்டது, இனிமேல் இங்கே உட்காரக் கூடாது என்று தினமும் யாராவது வந்து விரட்டுகிறார்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "வேலை வாங்கிக் கொடுத்தவருக்கு நீ காட்டுற நன்றி இதுதானா? ஊரே நல்லா வருது, நீ ஏன் குழப்பம் பண்றே?" என்றார் சூப்பர்வைசர். வீட்டிலும் பயப்படுகிறார்கள். நான் கேட்டது தப்பா? தயவுசெய்து பெயர் போடாதீர்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

தப்பே இல்லை. நீங்கள் கேட்டது உங்கள் பணத்தை. பயத்தைப் பற்றியும் நன்றியைப் பற்றியும் பிறகு பேசுவோம். முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே பாதி வழக்கு இருக்கிறது.

பி.எஃப்.புக்குத் தொழிலாளி பங்கு நூற்றுக்கு 12. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு நூற்றுக்கு 0.75. முறைப்படி இவற்றைப் பிடித்த பிறகுதான் சம்பளம் வங்கிக்கு வர வேண்டும். அப்படியென்றால் ஏறிய 13,000 முழுக்க உங்களுடையது. சரி, சூப்பர்வைசர் சொல்வதையே ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். 13,000-க்கு பி.எஃப். 1,560 ரூபாய், ஈ.எஸ்.ஐ. 98 ரூபாய், இரண்டும் சேர்ந்து 1,658. அப்போதும் உங்கள் கைக்கு 11,342 வந்திருக்க வேண்டும். உங்களிடம் எடுப்பது 3,500. மீதி 1,842 ரூபாயும் மாதா மாதம் யூனிஃபார்முக்கு என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பி.எஃப். விகிதம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஒரே 13,000-இல் ஆணிடம் 2,000, பெண்ணிடம் 3,500 என்று பிடிக்கும்போதே அது பி.எஃப். இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

நான் 17 பேருக்கும் போட்டுப் பார்த்தேன். 12 பெண்களிடம் 42,000, ஐந்து ஆண்களிடம் 10,000. மாதம் 52,000 ரூபாய். வருடத்துக்கு 6 லட்சத்து 24 ஆயிரம். உங்கள் ஒருத்தியின் குறையாக இதை நினைக்காதீர்கள். "குழப்பம் பண்றே" என்று அவர் பதறியதற்குக் காரணம் இந்தத் தொகையாக இருக்கலாம்.

இப்போது ஏ.டி.எம். கார்டு விஷயம். கோபத்தில் நாளைக்கே போய்க் கார்டைக் கேட்காதீர்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 17 பேரும் தனித்தனியாக, வேறு வேறு நாளில், வங்கிக்குப் போய்க் கடந்த ஒரு வருடக் கணக்கு விவரத்தை அச்சடித்து வாங்குங்கள். பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டாலும் போதும், ஆனால் கணக்கு விவரத்தில் எந்த ஏ.டி.எம்.மில் எடுத்தது என்பதும் பெரும்பாலும் இருக்கும். 17 பேருடைய தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே தேதி, ஒரே ஏ.டி.எம்., வரிசையாக 17 முறை பணம் எடுத்திருப்பது தெரியவரும். பணம் எடுத்த நேரமும் வேண்டுமென்றால் வங்கி மேலாளரிடம் எழுத்துமூலம் கேட்கலாம். 17 பேர் சம்பள நாளில் ஒரே மெஷின் முன்னால் வரிசையில் நின்று, எல்லாரும் ஒரே மாதிரி முழுத் தொகையையும் எடுத்தார்கள் என்று எந்த அதிகாரியிடமும் யாராலும் சொல்ல முடியாது. கேமரா பதிவு இருக்கும், ஆனால் நாளாக ஆக அழிந்துவிடும். அதனால் கடைசியாகப் பணம் எடுத்த தேதியைக் குறிப்பிட்டு, அந்தப் பதிவைப் பாதுகாக்கும்படி வங்கிக்கும் போலீசுக்கும் சீக்கிரம் மனு கொடுக்க வேண்டும்.

தாள்கள் கைக்கு வந்த பிறகு, எல்லாரும் ஒரே நாளில் பழைய கார்டை முடக்கிவிட்டுப் புதுக் கார்டுக்கு எழுதிக் கொடுங்கள். ஒருத்தர் மட்டும் செய்தால் அவரைத் தனியாகப் பிடிப்பார்கள். 17 பேரும் செய்தால் பிடிக்க ஆள் இல்லை. ரகசிய எண்ணை நீங்களே கொடுத்தீர்கள் என்று வங்கி கை கழுவலாம், அது வேறு. கொடுத்தால்தான் வேலை என்ற நிலையில் கொடுத்தீர்கள் என்பதை உங்கள் மனுவில் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பி.எஃப். உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று பார்ப்பது சுலபம். உங்கள் பி.எஃப். கணக்கில் பதிவான செல்போனிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் மெசேஜில் வரும். பதில் வரவில்லையென்றால் ஒன்று உங்கள் எண் இணைக்கப்படவில்லை, அல்லது உங்கள் பெயரில் கணக்கே இல்லை. பி.எஃப். அலுவலகத்துக்கு ஆதார் எடுத்துக்கொண்டு போனால் அதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். தொழிலாளி பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொள்வதைச் சட்டம் நம்பிக்கை மோசடிக் குற்றமாகப் பார்க்கிறது. முதலாளி பங்கையும் சேர்த்து உங்கள் சம்பளத்தில் பிடிப்பதற்கும் அனுமதி இல்லை. ஈ.எஸ்.ஐ. கார்டு ஒருநாளும் உங்களிடம் காட்டியதில்லை என்றால் அதையும் கேளுங்கள். இத்தனை வருடம் கோரிமேட்டில் இருக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் உங்கள் குடும்பம் செலவில்லாமல் பார்த்திருக்க வேண்டிய வைத்தியம் அது. கழிவறை வேலையில் வழுக்கி விழுந்து கை முறிந்தால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஈ.எஸ்.ஐ. பொறுப்பு உண்டு.

அடுத்தது வேலை நேரம். இதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் பெரியதாகத் தெரிகிறது. சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் ஒன்பது மணி நேரம். சட்டம் எட்டு மணி நேரம் என்கிறது. ஒரு மணி நேரம் கூடுதல், அதற்கு இரண்டு மடங்கு கூலி. மாதம் 28 நாள் வேலை என்றால் 28 மணி நேரம், இரண்டு மடங்காக 56 மணி நேரக் கூலி. எட்டால் வகுத்தால் ஏழு நாள் கூலி. ஒவ்வொரு மாதமும் ஒரு வாரத்துக் கூலி உங்களுக்கு எந்தக் கணக்கிலும் வராமலே போயிருக்கிறது. வாரம் ஒரு நாள் விடுமுறை கொடுக்காததை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். பல வருடத்துக்கு முன் ஒரு வழக்கில், துப்புரவு வேலை பார்த்த ஒரு அம்மா எனக்கு நாலு வருட மாத நாட்காட்டிகளைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்தவர். ஒவ்வொரு தேதிக்கும் கீழே வந்த நேரமும் போன நேரமும் எண்ணில் இருந்தது. பால் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருந்தார். எதிர்த்தரப்பு கொண்டுவந்த வருகைப் பதிவேட்டில் எல்லாருக்கும் ஒரே பேனாவில் ஒரே நேரம். எதை நம்புவது என்பதில் விசாரித்த அதிகாரிக்குக் குழப்பமே வரவில்லை. நீங்களும் இன்றிலிருந்து எழுதுங்கள். 17 பேரும் எழுத வேண்டும். காலையில் போனதும் வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு ஒரு மெசேஜ், கிளம்பும்போது ஒரு மெசேஜ் போட்டாலும் அது பதிவுதான்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் எனக்கு உடன்பாடில்லாத பகுதிகள் நிறைய உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் ஊதியத் தொகுப்பில் உங்களுக்கு உதவக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன. முன்பு குறைந்தபட்சக் கூலி பாக்கிக்கு ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இப்போது மூன்று வருடம். கொடுத்துவிட்டேன் என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு, கொடுக்கவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் இருந்தாலும் ஒரே மனுவில் கேட்கலாம், தொழிற்சங்கமே உங்களுக்காகப் போடலாம். பாக்கியோடு சேர்த்து அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு போட அதிகாரம் இருக்கிறது. சம்பளச் சீட்டு கட்டாயம். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது 1976-லிருந்தே தடை செய்யப்பட்டது, அது இதிலும் தொடர்கிறது. அப்புறம், கான்ட்ராக்டர் கொடுக்கத் தவறினால் அந்த இடத்துக்கு உரிமையான நிறுவனமோ அலுவலகமோ கொடுத்தாக வேண்டும். "எங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லை, கான்ட்ராக்டரைக் கேளுங்க" என்ற பதில் சட்டத்தில் செல்லாது.

புதுச்சேரியில் உங்கள் வேலைக்கு இன்றைய தேதியில் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பதை வழுதாவூர் சாலையில் காந்தி நகரில் இருக்கும் தொழிலாளர் துறையில் கேட்டு எழுதி வாங்குங்கள். அகவிலைப்படி சேர்ந்து அது அவ்வப்போது மாறும். 13,000 என்பதே அதைவிடக் குறைவாக இருந்தால் பாக்கி இன்னும் கூடும்.

இனி, நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் ஒன்று. பொது இடங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இத்தனை ஆள், ஒரு ஆளுக்கு இவ்வளவு கூலி, அதற்கு மேல் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., அதற்கு மேல் கான்ட்ராக்டருக்கான கமிஷன் என்று பிரித்துத்தான் விலை போடுவார்கள். கான்ட்ராக்டர் மாதா மாதம் பில் வைத்துப் பணம் வாங்குகிறார். அதாவது உங்கள் பெயரைச் சொல்லி, உங்கள் கூலி என்று, அரசுப் பணம் ஏற்கெனவே வெளியே வந்திருக்கலாம். அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். ஒப்பந்த நகல், எத்தனை பேருக்கு என்ன விகிதம், கடந்த ஒரு வருட பில்கள், பில்லோடு இணைத்த சம்பளப் பதிவேடு, பி.எஃப். கட்டிய ரசீது. இவ்வளவு போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. இந்த மனுவை நீங்களே போட வேண்டும் என்பதில்லை. இந்தியக் குடிமகன் யார் வேண்டுமானாலும் போடலாம், காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. உங்கள் தம்பியோ, தெருவில் படித்த பிள்ளை யாராவதோ போடட்டும். உங்கள் பெயர் வெளியே வராமலே தாள்கள் வந்து சேரும். 17 பேருக்குப் பதிலாக 25 பேருக்குப் பில் வைத்திருப்பதைக்கூட இப்படிக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

சரி, நன்றிக்கு வருவோம்.

கஷ்டத்தில் ஒருவர் வேலை வாங்கிக் கொடுத்தார். அவருக்கு நன்றியோடு இருங்கள், வீட்டு விசேஷத்துக்கு முதல் பத்திரிகை அவருக்கே வையுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் மூன்று வருடமாக விடியற்காலையில் எழுந்து அந்த இடத்தைக் கழுவியது நீங்கள். வேலை கிடைத்தது அவரால், கூலி கிடைக்க வேண்டியது உங்கள் உழைப்பால். முதலாவதைக் காட்டி இரண்டாவதில் கை வைக்கிறார்கள். நீங்கள் கூலியைக் கேட்டால் அவருக்குத் துரோகம் என்று சூப்பர்வைசர் சொல்வது, அவர் பெயரைத் தன் திருட்டுக்குக் குடையாகப் பிடிப்பதுதான். அவருக்கு இது தெரியாமலே இருக்கவும் வாய்ப்புண்டு.

நம் ஊரில் இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. 38 வருட இடைவெளி. அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு 2021-இல் தேதி அறிவித்து, அதுவும் நின்றுபோனது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. இங்கே இரண்டு தலைமுறை வாக்காளர்களுக்குக் கவுன்சிலர் என்றால் யார் என்றே தெரியாது. தெருவிளக்கு எரியாவிட்டாலும், வாய்க்கால் அடைத்தாலும், பிள்ளைக்கு ஸ்கூல் சீட் வேண்டுமென்றாலும், வேலை வேண்டுமென்றாலும் எம்.எல்.ஏ. வீட்டு வாசல்தான். எல்லாமே ஒருவர் கையால் கிடைப்பதால் எல்லாமே தானமாகத் தெரிகிறது. கவுன்சில் இருந்திருந்தால் உங்கள் ஒப்பந்தம் ஒரு கூட்டத்தில் வாசிக்கப்பட்டிருக்கும். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவராவது ஆளுக்கு எவ்வளவு கூலி என்று எழுந்து கேட்டிருப்பார். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாததால்தான் நீங்கள் தனியாகக் கேட்டு அவமானப்பட்டிருக்கிறீர்கள். கடலூரில் இருக்கிற என் அக்கா வார்டு கவுன்சிலரை வழியில் நிறுத்திச் சண்டை போட்டுவிட்டு வந்து சொல்வாள், எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அதனால் எம்.எல்.ஏ.வைத் தவிர்க்காதீர்கள். எழுதிய மனுவோடு, ஐந்தாறு பேராக, போய்ப் பாருங்கள். நன்றி சொல்லியே ஆரம்பியுங்கள். "நீங்கள் வாங்கிக் கொடுத்த வேலையில் எங்கள் சம்பளத்தை எடுக்கிறார்கள், உங்கள் பெயரைச் சொல்லி மிரட்டுகிறார்கள்" என்று சொல்லுங்கள். மனு நகலில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அவர் உதவினால் நல்லது. உதவாவிட்டாலும் அவருக்குத் தெரியும் என்பது பதிவாகிவிடுகிறது.

ஊரே நல்லா வருது என்றாராம் சூப்பர்வைசர். வரட்டும். மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டப் பட்டியலில் 2017-இல் புதுச்சேரி சேர்ந்ததிலிருந்து தோண்டாத தெரு இல்லை, சில இடங்கள் உண்மையிலேயே பார்க்க நன்றாகவும் ஆகியிருக்கின்றன. சாயங்காலம் நடக்கப் போகிறவள் நான், நல்ல நடைபாதையும் சுத்தமான கழிவறையும் ஏழைப் பெண்களுக்குத்தான் அதிகம் வேண்டும் என்று நினைக்கிறவள். ஆனால் அந்தச் சுத்தம் திறப்பு விழாவோடு வந்துவிடுவதில்லை. தினமும் காலை 7 மணிக்கு நீங்கள் கொண்டுவருகிறீர்கள். சீரமைப்புச் செலவில் கல்லுக்கும் விளக்குக்கும் முழு விலை கொடுத்தார்கள். உங்கள் கைக்கு மட்டும் ஏன் குறைத்துக் கொடுக்க வேண்டும்?

உங்கள் மாமனாரிடம் கேட்டுப் பாருங்கள். மில்லில் அவருக்குச் சம்பளச் சீட்டு இருந்திருக்கும், பி.எஃப். எண் மனப்பாடமாகத் தெரியும், எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஓவர்டைம். அதெல்லாம் சும்மா வந்ததில்லை. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளிகள் மேல் பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா தலைமையில் நடந்த போராட்டம் அது. அடுத்த வருடம் ஏப்ரல் 6 அன்று தொழிலாளர் சட்டம் வந்தது, எட்டு மணி நேர வேலை அதன் வழியாக இந்த ஊருக்கு வந்தது. கடலூர் சாலையில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, நீங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்ததோடு ஏ.எஃப்.டி. நொடித்தது, 2020 ஏப்ரல் 30-ஓடு மூடியே விட்டார்கள். சுதேசி, பாரதி மில்களும் அதே காலத்தில் முடிந்தன. மில் போனதை நாம் வேலை போனதாக மட்டும் பேசுகிறோம். சம்பளச் சீட்டும் எட்டு மணி நேரமும் கேட்டால் கூட நிற்கிற சங்கமும் அதோடு சேர்ந்து வீட்டைவிட்டுப் போய்விட்டன. மாமனார் ஒன்பதாவது மணிக்கு ஓவர்டைம் வாங்கிய அதே ஊரில், மருமகள் அதே ஒன்பதாவது மணியைச் சும்மா கொடுக்கிறாள். எனக்கு இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

சங்கம் என்றதும் பயப்பட வேண்டாம். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம், அதற்கென்று சில நிபந்தனைகள் உண்டு. இப்போதைக்கு அந்த அலைச்சல் வேண்டாம், ஏற்கெனவே துப்புரவுத் தொழிலாளிகளை வைத்திருக்கும் ஏதாவது ஒரு மத்திய சங்கத்தில் 17 பேரும் உறுப்பினராகிவிடுங்கள். எந்தக் கொடி என்பது உங்கள் விருப்பம். மாமனாருக்குப் பழைய சங்கத்து ஆட்களை இன்றைக்கும் தெரிந்திருக்கும்.

அம்மா விஷயம். தெரு வியாபாரிகளுக்கு 2014-இல் தனிச் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். எந்த இடத்தில் விற்கலாம் என்பதைப் பரிந்துரைக்க நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அம்மா கணக்கெடுப்பில் இருக்கிறாரா, அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பெயரைச் சேர்க்கச் சொல்லி நகராட்சிக்கு மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 20 வருடம் அங்கே இருந்ததற்குப் பழைய போட்டோ, பூ மண்டி ரசீது, பக்கத்துக் கடைக்காரர் கடிதம் எல்லாம் உதவும். விரட்ட வருகிறவர்களிடம் ஒரே கேள்வி போதும்: "எழுத்துல குடுங்க." பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் திட்டம் வந்தபோது அங்கிருந்த வியாபாரிகள் ஒன்றாக நின்றதால்தான் அவர்கள் பேச்சு கேட்கப்பட்டது. அம்மா பக்கத்தில் சுண்டல் விற்பவரும் பொம்மை விற்பவரும் இருப்பார்கள் இல்லையா, அவர்களையும் சேர்த்து மனுப் போடச் சொல்லுங்கள்.

வேலை போய்விடுமா? போகாது என்று நான் எழுதினால் அது பொய். போக வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் கணக்கு விவரம், நாட்காட்டி, தகவல் மனு எல்லாம் முதலில், சத்தமில்லாமல் என்றேன். தாள் கையில் வந்த பிறகு, 17 பேர் கையெழுத்தோடு தொழிலாளர் துறைக்கு மனு. மனு கொடுத்த மறுநாள் நீக்கினால், ஏன் நீக்கினார்கள் என்பது தேதியிலேயே தெரியும். நீக்கினால் உடனே தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் தகராறு எழுப்பலாம், 45 நாளில் தீராவிட்டால் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்குள் போய்விட வேண்டும். வக்கீல் கட்டணத்தை நினைத்து நிற்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள், உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். 17 பேரில் இரண்டு மூன்று பேர் பயந்து விலகலாம். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள், அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். பாக்கி வரும்போது அவர்களுக்கும் சேர்த்தே வரும்படி மனுவை எழுதலாம்.

உங்கள் பெயர் வராது. வேலை இடத்தையும் ஒன்றிரண்டு விவரங்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். இந்த மாதம் சம்பளம் ஏறியதாக மெசேஜ் வந்தால் அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கையில் கொடுத்த தொகையை அன்றைக்கே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். கணக்கு விவரம் குறைந்தது ஐந்து பேருடையது சேர்ந்ததும் மறுபடி எழுதுங்கள், மனுவை நானே எழுதித் தருகிறேன்.